முழுகாதவளுக்கு மூன்று முழுக்கு

போன மாதம் அடையாறில் ஒரு மருத்துவமனையில், புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண்களிடம் நாலு வார்த்தை பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கார் அனுப்பினார்கள், மாலை போட்டார்கள். வரவேற்புரை சொன்ன அம்மாள், "லூர்தம்மாள் அவர்கள் அந்தக் காலத்திலேயே குக்கிராமங்களுக்குப் போய்த் தியாகம் செய்தவர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அங்கேயே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. நான் தியாகம் ஒன்றும் செய்யவில்லை. உத்தியோகம் பார்த்தேன். போகச் சொன்ன இடத்துக்குப் போனேன்.

கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போதுதான் அந்தப் பெண் அந்தக் கதையைச் சொன்னாள். சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். "மேடம், போன வாரம் பாலவாக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. புது டாக்டர், அவருக்குத் தமிழ் அவ்வளவா வராது. என்ன உடம்புக்குன்னு கேட்டாரு. அந்த அம்மா 'முழுகாம கீறேன்'னு சொல்லிச்சு. அப்போ போய்க் குளிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு மேடம்." சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். வரவேற்புரை அம்மாளும் சிரித்தார்.

நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். "அந்த அம்மா திரும்பி வந்தாளா?" என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். "கூட இருந்த நர்ஸ் யாரு? அவ வாயில என்ன வச்சிருந்தா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கிழவிக்கு வயதாகிவிட்டது, மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று நினைத்திருப்பார்கள். கதை சொன்ன பெண் மட்டும் வாசல்வரை வந்து, "நான் என்ன தப்பா சொல்லிட்டேன் மேடம்?" என்று கேட்டாள். நின்று பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் சாந்தோம். நர்ஸ் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மேட்ரன் திட்டினாள், நாங்கள் அழுதோம், பாண்டேஜ் சுருட்டினோம், பிரசவ வார்டில் நின்றபடியே தூங்கினோம், ஒரு நாள் தலையில் தொப்பியை வைத்து இனிமேல் நீ நர்ஸ் என்றார்கள். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வெள்ளைக்காரன் ராஜ்யம். ஆஸ்பத்திரியில் சேர்ந்து கொஞ்ச காலத்துக்குள்ளேயே என்னை ஒரு சீசனுக்கு வெளியூர் அனுப்பினார்கள்.

ஊர்ப் பெயர் வேண்டாம். இப்போது அங்கே இருக்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? சென்னைக்குத் தெற்கே, கால்வாய் வழியாகப் படகில் போகவேண்டிய சின்ன ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. ரயில் கிடையாது, ரோடு என்று சொல்லும்படியான ரோடும் கிடையாது. ஒரு கடைத்தெரு, ஒரு உப்பு ஆபீஸ், ஒரு போலீஸ் ஸ்டேஷன், அதோடு ஊர் முடிந்தது. பொங்கலுக்கு அப்புறம் ஆடிக்காற்று தொடங்கும்வரை அங்கே மீன் கொள்ளையாகப் படும். மயிலாப்பூர்க் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் திருவான்மியூர், பாலவாக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் படகேறிப் போய், அந்த மணலில் ஓலைக் குடிசை போட்டுக் கருவாடு காயவைத்து, சீசன் முடிந்ததும் திரும்புவார்கள். அந்த வருஷம் பட்டணத்துக் குடிசைப் பகுதிகளில் பேனால் பரவும் ஒரு காய்ச்சல் கண்டிருந்தது. அது அந்த ஊருக்குள் போய்விடக் கூடாது என்று படகுத்துறையில் ஒரு கொட்டகை போட்டார்கள். கொட்டகைக்கு ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், ஒரு நர்ஸ், ரெண்டு ஆயாக்கள், சில சேவகர்கள். நர்ஸ் நான்.

நோயாளியைத் தொடுகிறவளுக்கு அந்த ஊரில் யாரும் வீடு தரவில்லை. கடைசியில் உப்பு ஆபீசுக்குப் பின்னால் பழைய சாக்கு போட்டுவைக்கும் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். சாக்கைத் தூக்கினால் தேள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு எவ்வளவு நேரம் போட்டாலும் வேகாது. சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்குப் பிடித்துவிடும். சாயங்காலம் ஆனால் பேச ஆளிருக்காது. கடைத்தெருவில் நான் நடந்தால் வழியில் நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். மரியாதைக்காக என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது.

அந்த நிலையில் எனக்கு இருந்த ஒரே துணை கம்பவுண்டர் சேஷாத்ரி. மயிலாப்பூர் மாடவீதிக்காரர். மயிலாப்பூரில் இருந்திருந்தால் அவரும் நானும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அந்த ஊரில் இரண்டு பேருமே அந்நியர்கள் என்பதால் ஒட்டிக்கொண்டோம். "நம்ம தெப்பக்குளத்துத் தண்ணியில பருப்பு போட்டாக்கூட வெந்துடும் நர்ஸம்மா, இது என்ன ஊரோ" என்பார். அவருடைய ஊறுகாய் ஜாடியிலிருந்து எனக்குப் பங்கு வரும். ஒரு நாள் காலையில் வாழையிலையில் கற்கண்டு வைத்துக்கொண்டு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சினன் நேத்து படகுல வந்து சொன்னான். ஆத்துல முழுகாம இருக்காளாம்."

கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்து உண்டான முதல் கர்ப்பம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஊரில் மாதா கோயில் இல்லாததால் அறையிலேயே முழங்கால் போட்டு அந்த அம்மாளுக்காக ஜெபம் செய்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் வெள்ளைக்காரர். நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். மோசமான மனுஷர் என்று சொல்ல மாட்டேன். மூக்கு ஒழுகும் குழந்தையைத் தன் கைக்குட்டையாலேயே துடைப்பார். வெயிலில் நிற்க அஞ்ச மாட்டார். ஆனால் அவருக்கு ஒரு பித்து இருந்தது. தமிழ்ப் பித்து. முன்ஷி வைத்துப் படித்து, சர்க்கார் நடத்திய தமிழ்ப் பரீட்சையில் மேல்வகுப்புத் தேறியவர். கொட்டகையில் அவரிடம் யாரும் இங்கிலீஷில் பேசக் கூடாது. மேஜையில் உட்கார்ந்து, பேனா முள்ளை ஒரு சின்னப் பட்டுத்துணியால் துடைத்துவிட்டு, எதிரில் நிற்கிறவரை நிமிர்ந்து பார்த்துத்தான் பேச ஆரம்பிப்பார். ஒரு கிழவியிடம், "அம்மணி, உன் சிரத்திலே பேன் உளதோ?" என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பி, "இன்னா நர்சம்மா, தொர பூசாரி வேல பாக்கறாரா?" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துரை எங்கள் தமிழையும் திருத்துவார். ஒருமுறை சேஷாத்ரி "ஆத்துல" என்று சொல்லிவிட்டார். "அது பிழை. அகத்தில் என்று சொல்லுக" என்றார் துரை. சேஷாத்ரி, "எஸ் சார், அகத்தில் சார்" என்றார். தாய்ப்பாலோடு குடித்த வார்த்தையை அப்படி ஒரு நொடியில் துப்பிவிட்டார்.

கொட்டகையின் முறை இதுதான். படகிலிருந்து இறங்கியதும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் மறைப்புக்குக் கட்டிய ஓலைத் தட்டிக்குப் பின்னால் போய், உடுத்தியிருக்கும் துணியை அவிழ்த்து ஆயாவிடம் கொடுத்துவிட்டு, அவள் தரும் முரட்டுத் துப்பட்டியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். பேன் சாவதற்காகத் துணி ஆவிப் பெட்டிக்குப் போகும். துப்பட்டியோடு ஒவ்வொருத்தியாகத் துரையின் மேஜைக்கு வர வேண்டும். அவர் நாக்கைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டுத் தொட்டிக்கு அனுப்புவார். தட்டிக்குள்ளே இருந்த அந்தத் தொட்டி சிமெண்டால் கட்டியது, மார்பளவு ஆழம், படியெல்லாம் பாசி. தண்ணீரில் பினாயிலும் இன்னும் ஏதோ மருந்தும் கலந்திருக்கும். கண்ணில் பட்டால் நெருப்பாக எரியும். அதில் இறங்கித் தலை மறைய மூன்று முழுக்குப் போட வேண்டும். ஒரு விலக்கும் இருந்தது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தொட்டியில் இறங்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து, தலைக்கு மருந்து தடவினால் போதும்.

ஆரம்பத்தில் நான் தட்டிக்குப் பின்னாலேயே விசாரித்துக் கர்ப்பிணிகளை ஒதுக்கிவிடுவேன். துரைக்கு அது தெரிந்ததும் பிடிக்கவில்லை. "விலக்கு அளிப்பது என் பொறுப்பு. யாவரும் என் மேஜைக்கு வருக" என்றார். சரி என்று விட்டேன். அதற்கப்புறம் வந்த கர்ப்பிணிகள் எல்லோருக்கும் வயிறு தெரிந்தது. துரை பார்த்த உடனே துடைக்கும் பக்கம் அனுப்பிவிட்டார். அதனால் சிக்கல் வரவில்லை, கன்னியம்மா வரும்வரை.

கன்னியம்மா பாலவாக்கத்துப் பெண். அவள் அம்மா எங்கள் சாந்தோம் வீட்டுக்கு மீன் கொண்டுவருவாள். கன்னியம்மாவை அம்மாவின் கூடைக்குப் பின்னால் ஓடிவரும் குட்டியாக நான் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி இரண்டு தடவை வயிற்றில் தங்கி இரண்டும் கலைந்துபோயிற்று என்று அவள் அம்மா அழுதிருக்கிறாள். அன்றைக்குப் படகிலிருந்து இறங்கியவள் என்னைப் பார்த்ததும், "அக்கா, நீ இங்கியா கீற?" என்று சிரித்தாள். எலும்பும் தோலுமான உடம்பு. அந்தத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றபோது அவளிடம் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

மேஜைக்கு வந்தாள். துரை, பக்கத்தில் சேஷாத்ரி, பின்னால் இரண்டு சேவகர்கள். இத்தனை ஆண்கள். துரை நாக்கைப் பார்த்துவிட்டு, "நல்லது. சென்று நீராடு" என்றார்.

"வாணாம் தொர."

"ஏன் மறுக்கின்றாய்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். துப்பட்டியின் முனையை விரலில் சுற்றினாள். மெதுவாகச் சொன்னாள்: "முழுகாம கீறேன் தொர."

நம் பெண்கள் பிள்ளை உண்டானதை ஆண்கள் முன்னால் வேறு எப்படிச் சொல்லுவார்கள்? மாதக் குளியல் நின்றுவிட்டது என்பதை இதைவிட மானமாகச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறதா? மாடவீதியிலும் அதுதான், மீன் குப்பத்திலும் அதுதான். சொல்லுகிற தினுசுதான் வேறு.

துரையின் முகம் மலர்ந்தது. குப்பத்துப் பேச்சு தனக்குப் புரிந்துவிட்டது என்கிற சந்தோஷம். "முழுகாமல் இருக்கின்றாய். முழுகாமல் இருப்பதனாலேயே அல்லவா முழுக வேண்டும்?" என்றார்.

"ஐயோ, அது இல்ல தொர. அஞ்சு மாசமா முழுகாம கீறேன்."

"ஐந்து மாதமாகவா?" துரை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். நிஜமாகவே அருவருத்துப்போனார். "ஆயா, இவளை உடனே கொண்டுபோ."

நான் வரிசையை விட்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றேன். தமிழில் சொன்னால் தகராறு என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். இந்தப் பெண் ஐந்து மாதக் கர்ப்பிணி, அவள் சொன்னதற்கு அதுதான் அர்த்தம், முன்பே இரண்டு தடவை கலைந்திருக்கிறது, தொட்டியில் இறக்கக் கூடாது என்றேன். துரைக்குக் கோபம் வரவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவதுபோலச் சிரித்தார். முழுகு என்பதற்கு நீரில் அமிழ்தல் என்பதே பொருள் என்றும், அதைத் தாம் பரீட்சைக்கே படித்திருப்பதாகவும், குளிக்கப் பயந்த பெண்களுக்கு நான் இரக்கப்பட்டுச் சலுகை வாங்கித் தரப் பார்ப்பதாகவும் சொன்னார். நான் அவளைத் தனியே பார்த்துச் சொல்கிறேன் என்றதற்கு, முதலில் நீராட்டு, பிறகு பரிசோதனை, அதுவே முறை என்றார். கடைசியில் நியாயம் செய்கிற மாதிரி சேஷாத்ரி பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுக. இவள் கூறியதன் பொருள் என்ன?"

எனக்கு உயிர் வந்தது. கற்கண்டு கொடுத்த மனுஷர்தானே. சேஷாத்ரி என்னைப் பார்த்தார். கன்னியம்மாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா, தொரை சொல்றதுதான் சரி சார்."

துரைக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று நினைத்த திமிர் அவருடையது. இந்த மனுஷருக்குத் தெரியும். தன் மனைவிக்கு ஒரு அர்த்தம், மீன்காரிக்கு ஒரு அர்த்தமா? துரையின் தமிழைத் திருத்தினால் துரை முகம் சுளிப்பார், அடுத்த உத்தியோக உயர்வுக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதமாட்டார், அவ்வளவுதான். அதற்காக ஒரு பெண்ணின் வயிற்றைக் கொடுத்துவிட்டார்.

ஆயாக்கள் இரண்டு பேரும் அவளைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களுக்கும் அர்த்தம் தெரியும். ஒருத்தி என்னிடம், "நாங்க இன்னா நர்சம்மா பண்றது, தொர சொல்றாரு" என்று முணுமுணுத்தாள். கன்னியம்மா கத்தினாள். "அக்கா, சொல்லுக்கா, நீ சொல்லுக்கா, அவருக்கு வெளங்கல." தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையிலிருந்து அவள் புருஷன் சத்தம் போட்டான். சேவகர்கள் அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

நான் ஓடிப்போய் யூனிஃபார்மோடு தொட்டியில் இறங்கிவிட்டேன். அவளைக் கீழே தாங்கிக்கொள்ளலாம், முழுக்கே போடாமல் தலையை மட்டும் நனைத்து மேலே ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். நான் கையை நீட்டுவதற்குள் அவள் ஆயாக்களிடமிருந்து திமிறினாள். பாசிப் படியில் கால் வழுக்கிற்று. அடிவயிறு படியின் விளிம்பில் மோதியதை என் கண்ணால் பார்த்தேன். தண்ணீருக்குள் விழுந்தவளை நான் இழுத்து நிமிர்த்தியபோது அவள் கத்தவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டிக்கு வெளியிலிருந்து துரையின் குரல் கேட்டது: "மூன்று முழுக்கு."

அதற்கப்புறம் நான் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. அவளை என் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கால்பக்கத்தை மேடாக்கிப் படுக்கவைத்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தது எல்லாவற்றையும் செய்தேன். மருந்துப் பெட்டியைத் துரை தாமே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் வலி எடுத்தது. மறுநாள் பொழுது விடிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் பிள்ளை. அவள் புருஷன் அதை ஒரு புது ஓலைப் பெட்டியில் வைத்து மணலுக்கு எடுத்துப் போனான். அவனிடம் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என்னைப் பார்த்து, "இன்னா சொல்லணும் நர்சம்மா அந்த ஆளாண்ட? எப்டி சொன்னா அவனுக்கு வெளங்கும்?" என்று மட்டும் கேட்டான்.

நான் துரையிடம் போய்ச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"இது மிகவும் வருந்தத்தக்கது," என்றார். "ஆயினும் அவள் தெளிவாகக் கூறியிருக்க வேண்டும்."

தெளிவாகக் கூறவில்லையாம். அவளுடைய அம்மாவும் பாட்டியும் பேசிய பாஷையில், அவள் சொந்த உடம்பைப் பற்றி, அவள் சொன்னது தெளிவில்லையாம். முன்ஷியிடம் படித்துவிட்டு வந்த இவர் தெளிவாம். நான் அப்போது பேசின இங்கிலீஷை மேட்ரன் கேட்டிருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். மறுநாளிலிருந்து தட்டிக்குப் பின்னால் நானே விசாரித்து ஒதுக்கலாம் என்று உத்தரவு வந்தது. நான் ஆரம்பத்தில் செய்துகொண்டிருந்த அதே வேலை. ஒரு பிள்ளையைக் காவு வாங்கிக்கொண்டுதான் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சேஷாத்ரி சில நாள் என் கண்ணில் படாமல் நடமாடினார். ஒரு நாள் கிணற்றடியில் அகப்பட்டார். "நான் என்ன பொய்யா சொன்னேன் நர்ஸம்மா? வார்த்தைக்கு அதானே அர்த்தம். நாம சொல்லி தொரை கேட்டுண்டுடுவாரா?" என்று சப்பைக்கட்டு கட்டினார். ஆடி பிறந்து கொட்டகையைப் பிரிக்கும்வரை அவரோடு பேசவில்லை. பேச வேறு ஆளில்லாத ஊரில் அது லேசான காரியமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஊர் திரும்பி, ஆவணியில் ஒரு மத்தியானம், குடையும் கையுமாகச் சேஷாத்ரி எங்கள் சாந்தோம் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "ஆத்துல வலி கண்டு ரொம்ப நேரமாறது. மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறா. நீங்கதான் வரணும்" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தேன். கச்சேரி ரோடு திரும்பும்போது, நடையை நிறுத்தாமலே கேட்டேன்.

"அன்னிக்கி உங்க மச்சினன் படகுல வந்து என்ன சொன்னாரு?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "நர்ஸம்மா, இப்போ எதுக்கு..."

"என்ன சொன்னாரு?"

"முழுகாம இருக்கான்னு சொன்னான்."

"அப்படின்னா?"

குடைக்குள்ளே மனுஷர் அழுதுகொண்டே வந்தார். "கர்ப்பமா இருக்கான்னு அர்த்தம்" என்றார்.

"இத அன்னிக்கி சொல்லியிருக்கணும்" என்றேன். அதோடு விட்டேன். வலியில் கிடந்த அந்த அம்மாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கோபத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். வெளியே வந்ததும் செருப்பையும் கோபத்தையும் சேர்த்தே மாட்டிக்கொண்டேன். தாம்பாளத்தில் பழம் வைத்து நீட்டினார்கள். தொடவில்லை.

துரையை இன்னும் ஒரு தடவை பார்த்தேன். சில வருஷம் கழித்து, அடையாற்றங்கரையில் ஒரு பங்களாவில் நோயாளியாக இருந்த ஒரு துரைசானியைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் தோட்டத்தில் விருந்து. துரை வந்திருந்தார். நான் துரைசானியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். தமிழ் எவ்வளவு விசித்திரமான பாஷை என்று அவர் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் குளிக்காதவள் என்றால் கர்ப்பிணி என்று அர்த்தம், எனக்கே ஒருமுறை தெரியாமல் போயிற்று என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஓலைப் பெட்டியைப் பற்றி அவர் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி முகம் வெளுத்து நின்ற மனுஷர், நாளாவட்டத்தில் அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கிக்கொண்டுவிட்டார். போன மாதம் காபிக் கோப்பையோடு நின்ற பெண்களின் சிரிப்பு எனக்கு ஏன் காதில் நாராசமாக விழுந்தது என்று இப்போது தெரிகிறதா?

கன்னியம்மா அந்தச் சீசனுக்கப்புறம் அந்த ஊர்ப் பக்கம் போகவேயில்லை. அவள் அம்மாவுக்கு முடியாமல் போனதும், கூடையை இவள் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தாள். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் கூடையை இறக்காமலே தெருவில் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, வயித்துல புள்ள கீதுக்கா. மூணு மாசம்."

ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். சைக்கிளில் போன ஒரு ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். எனக்கே கூச்சமாகிவிட்டது. இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"ஏண்டி, நடுத்தெருவுல நின்னுக்கிட்டு இப்படியா சொல்லுவ? பொம்பளைங்க சொல்ற மாதிரி பதவிசா சொல்லக் கூடாதா?"

அவள் கூடையை இறக்கிவைத்தாள். புடவையை நீவிவிட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கி பதவிசாதான்க்கா சொன்னேன்," என்றாள்.